நம்பர் பிளேட் கேமரா செட்: நெல்லைச் சீமை ஊர் முகப்புக்கு எது தாங்கும்?

ஆடு திருட்டோ, பைக் திருட்டோ, செயின் பறிப்போ, ஒன்று நடந்துவிட்டால் அடுத்த ஊர்க்கூட்டத்தில் கேமரா பேச்சு வந்துவிடும். தலைக்கட்டு வரி போட்டு, வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளிடமும் கேட்டு வாங்கி, முகப்பு வளைவில் இரண்டு கேமரா மாட்டுகிறார்கள். அடுத்த திருட்டு நடந்த ராத்திரியின் பதிவைப் போட்டுப் பார்த்தால் வளைவுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம் நுழைவது தெரியும், அதற்குப் பின்னால் இரண்டு பேர் உருவம் தெரியும். நம்பர் மட்டும் தெரியாது. வீட்டுக்கு வீடு காசு கொடுத்த ஊருக்கு இது சின்ன ஏமாற்றம் இல்லை.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிக் கடைகளில் ‘ஏஎன்பிஆர் கேமரா’ அல்லது ‘நம்பர் பிளேட் கேமரா’ என்று சொல்லித் தருகிற செட்டைத்தான் இங்கே பார்க்கிறோம். மேலே ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 8 முதல் 32 மி.மீ. வரை நகரும் மோட்டார் லென்ஸ் வைத்த 4 மெகாபிக்சல் புல்லட் கேமரா, அதற்குள்ளேயே நம்பரைப் படிக்கும் மென்பொருள், ஐஆர் விளக்கு (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு), பிஓஇ சுவிட்ச் (ஒரே ஒயரில் மின்சாரமும் படமும் போகவைக்கும் பெட்டி), என்விஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), ஹார்டு டிஸ்க். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செட் நல்ல செட், வாங்கலாம். காசு வீணாவது கேமராவில் அல்ல, அதை மாட்டுகிற கம்பத்திலும், இழுக்கிற ஒயரிலும், போடாமல் விட்ட எர்த்திலும்.

முதல் தப்பு கடையிலேயே நடக்கிறது. ‘இது 8 மெகாபிக்சல், இதைவிட எதுக்குங்க’ என்று 2.8 மி.மீ. லென்ஸ் வைத்த சாதாரணக் கேமராவைக் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். 15 மீட்டர் தூரத்தில் அது காட்டும் அகலம் சுமார் 36 மீட்டர். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல், ஆக ஒரு மீட்டருக்கு 71 பிக்சல்தான். கார் நம்பர் பிளேட்டின் அகலம் 500 மி.மீ.; அதற்குக் கிடைப்பது 36 பிக்சல். 65 மி.மீ. உயர எழுத்துக்கு 5 பிக்சல்கூட இல்லை. 8 மெகாபிக்சலாக்கினால் 7 பிக்சல் வரும். மனிதக் கண்ணுக்கே அது போதாது, மென்பொருளுக்கு எப்படிப் போதும்? எழுத்தின் உயரம் 20 பிக்சலாவது இருக்க வேண்டும். லென்ஸை நெருக்கி, காட்சியின் அகலத்தை 4 மீட்டராகக் குறைத்தால் அதே 4 மெகாபிக்சலில் மீட்டருக்கு 640 பிக்சல் கிடைக்கிறது. நம்ம ஊர் ஒற்றை வழிச் சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர், அதற்கு இது அச்சாகப் பொருந்தும். இரு வழிச் சாலை 7 மீட்டர் இருக்கும், அங்கே பக்கத்துக்கு ஒரு கேமரா வேண்டும். ஒரே கேமராவை நடுவில் வைத்து இரண்டு பக்கத்தையும் பிடிக்கலாம் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

இந்தக் கணக்கைக் காருக்கு மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது. ஊருக்குத் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் பைக்தான். பைக்கின் முன் பிளேட் 285 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், ஒரே வரி. பின் பிளேட் 200 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம், இரண்டு வரி; எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம். 6 மீட்டர் அகலத்தைக் காட்டும்படி லென்ஸை விட்டால் கார் நம்பர் அழகாக விழும், பைக் எழுத்து 15 பிக்சலில் நின்றுவிடும். 4 மீட்டரில்தான் 22 பிக்சல் வரும். பொருத்த வருபவர் கார் ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டு ‘சூப்பரா விழுது’ என்று கிளம்பிவிடுவதன் விவரம் இதுதான். இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டில் பழக்கிய மென்பொருள்கள் பல ஒரு வரி பிளேட்டை மட்டும் படிக்கும். இரண்டு வரியில் மேல் வரியை விட்டுவிட்டு ‘1234’ என்று மட்டும் காட்டும். வாங்கும் முன் இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பைக்கின் பின் பிளேட்டைப் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு, கேமரா முன்னால் காட்டினால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

பைக்கைப் பின்னாலிருந்து பிடிப்பதே நல்லது. ஹெட்லைட் கூச்சம் இருக்காது, முன் பிளேட்டை வளைத்து வைத்திருந்தாலும் பாதிக்காது. உள்ளே வரும் வண்டியின் முதுகைப் பார்க்கும்படி ஒன்று, வெளியே போகும் வண்டியின் முதுகைப் பார்க்கும்படி ஒன்று வைத்தால் ஊரை விட்டு வெளியேறிய நேரமும் கிடைக்கும். காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை, கதவைத் தொங்கவிட்டு வரும் லோடு ஆட்டோ, ஜல்லித் தூசி அப்பிய டாரஸ் லாரி இவற்றுக்கெல்லாம் பின் பிளேட் மறைந்துதான் இருக்கும். சரக்கு வண்டி அதிகம் ஓடும் சாலையில் முன் பக்கம் பார்க்கும் கேமரா ஒன்று கூடுதலாக வேண்டும்.

ராத்திரி விஷயத்துக்கு வருவோம். தானியங்கி நிலையில் விட்ட கேமரா இருட்டில் வெளிச்சம் போதாமல் ஷட்டரை 1/25 நொடிக்குத் திறந்து வைக்கும். 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் அந்த நேரத்தில் 44 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. எழுத்து இழுத்துக்கொண்டு வெள்ளைக் கோடாகிறது. ஷட்டரை 1/1000-க்குப் பூட்டினால் நகர்வு 1.1 செ.மீ.தான். வண்டி கேமராவை நோக்கியோ விலகியோ போவதால் படத்தில் தெரியும் நகர்வு அதிலும் குறைவு. ஷட்டர் கையால் பூட்டியது, டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்படுத்தும் வசதி) அணைத்தது, கெயின் (படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கும் அளவு) குறைத்தது, இரவில் கறுப்பு வெள்ளை. இந்த நாலும் செட்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வைத்தால் திரை கிட்டத்தட்ட முழு இருட்டாகத் தெரியும், நம்பர் பிளேட் மட்டும் மின்னும். பிளேட்டின் மேல் இருக்கும் படலம் வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை உள்ளது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு பிளேட்டில் அது நன்றாகவே இருக்கிறது. ‘என்னங்க ஒண்ணுமே தெரியல’ என்று யாராவது பயந்து பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் போயிற்று.

இருட்டுப் படத்தில் வண்டியின் நிறமும் ஆளும் தெரியாது என்பதால் பக்கத்திலேயே சாதாரண அகலக் கேமரா ஒன்று கட்டாயம் வேண்டும். நம்பர் ஒன்றில், காட்சி இன்னொன்றில். இந்த ஜோடி இல்லாமல் விற்கும் செட் பாதி செட்தான். மின்வண்டிகளின் பச்சை பிளேட் ஐஆர் ஒளியில் எப்படி விழுகிறது என்பதையும் ராத்திரியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பச்சையும் வெள்ளையும் ஒரே வெளிச்சமாகக் கலக்க வாய்ப்பு உண்டு. ஐஆரில் 850 நானோமீட்டர் என்றால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும், தூரம் எட்டும். 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. ஊர் முகப்புக்கு 850 போதும்.

கோணத்தில் கஞ்சத்தனம் கூடாது. மேலிருந்து கீழாகவும் சரி, பக்கவாட்டிலும் சரி, 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 20 என்றால் நிம்மதி. 6 மீட்டர் உயர வளைவில் மாட்டினால் வண்டியைப் பிடிக்கும் இடம் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் மாட்டினால் 7 மீட்டர் போதும். ஏற்கெனவே வேகத்தடை இருந்தால், பிடிக்கும் இடத்தை அதன் மேல் வைக்காமல் 5 மீட்டர் தள்ளி வையுங்கள். தடையில் ஏறும் வண்டி முன்னும் பின்னும் ஆடி பிளேட்டைச் சாய்த்துவிடும்.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘99 சதவீதம் துல்லியம்’ என்று அட்டையில் போட்டிருந்தால், ஒரு எழுத்துக்கா முழு நம்பருக்கா என்று கேளுங்கள். TN என்பதிலிருந்து கடைசி எண் வரை 10 எழுத்து என்று வைத்துக்கொண்டால், எழுத்துக்கு 99 சதவீதம் என்பது முழு நம்பருக்கு 90 சதவீதம்தான். பத்து வண்டிக்கு ஒன்று தப்பும். 8-ஐ B என்றும், 0-வை D என்றும் படிப்பது வாடிக்கை. இந்திய நம்பரின் வரிசை தெரிந்த மென்பொருள், முதல் இரண்டு இடம் எழுத்து, அடுத்த இரண்டு எண் என்று பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். தேடும்போதும் பாதி நம்பரை வைத்துத் தேடும் வசதி இருக்க வேண்டும். பார்த்தவர் ‘டிஎன் 72, கடைசில 47’ என்றுதான் சொல்வார். 72 திருநெல்வேலி, 76 தென்காசி, 69 தூத்துக்குடி, 92 திருச்செந்தூர், 74 நாகர்கோவில், 96 கோவில்பட்டி என்று பிரித்துப் பார்த்தாலே தேட வேண்டிய பட்டியல் பாதியாகும். தமிழில் எழுதிய பழைய பிளேட்டை இது படிக்காது. படம் மட்டும் இருக்கும், கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி கம்பம். நெல்லைச் சீமையில் செட் தோற்றுப்போகிற இடம் இதுதான், கொட்டேஷனில் ஒரே வரியில் முடித்துவிடுகிற இடமும் இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிளம்பும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடியில் என்ன பாடுபடுத்தும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்காசியைத் தாண்டி கயத்தாறு வரை வரும். காற்றாலை நிற்கிற இடமெல்லாம் கேமராக் கம்பம் ஆடுகிற இடம். கம்பத்தின் தலை அரை டிகிரி திரும்பினால் 15 மீட்டர் தூரத்தில் காட்சி 13 செ.மீ. நகர்ந்துவிடும். அகலக் கேமராவில் அது தெரியாது. நெருக்கிய லென்ஸில் படம் நடுங்கும். நடுக்கத்தை மென்பொருள் நகரும் வண்டி என்று எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வெறும் ரோட்டைப் பதிவு செய்யும். 2 அங்குலப் பைப் கொடுத்தால் வாங்காதீர்கள். 4 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய்), 300 மி.மீ. சதுரத்தில் 12 மி.மீ. தடித்த அடித்தகடு, கான்கிரீட்டில் புதைத்த நாலு ஜே-போல்ட் (நுனி வளைந்த போல்ட்). முடிந்தால் கம்பமே வேண்டாம்: நூலகம், சங்கக் கட்டடம், கோயில் மதில் என்று ஏதாவது உறுதியான சுவர் 7 மீட்டருக்குள் இருந்தால் அதில் 3 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். மெல்லிய தகரத்தில் செய்த முகப்பு வளைவைவிட அது நூறு மடங்கு நல்லது.

மண்ணையும் பார்க்க வேண்டும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். அரை மீட்டர் தோண்டி நட்ட கம்பம் ஒரு வருடத்தில் சாய்ந்து, கேமரா வயலைப் பார்க்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டி 1.5 மீட்டராவது இறங்கி, கான்கிரீட்டைச் சுற்றிக் கரிசலைத் திருப்பிப் போடாமல் ஆற்று மணலோ சரளையோ நிரப்ப வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் பிரச்சினை வேறு: கம்பம் நிற்கும், எர்த் நிற்காது. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே 3 மீட்டர் எர்த் கம்பி இரண்டை, ஒன்றுக்கொன்று 3 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் இறக்கி, பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவை போட்டு, இரண்டையும் இணைக்க வேண்டும். கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டுப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத மாசத்தில் அது வெறும் கம்பி. எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உவரி, கூத்தங்குழி மாதிரிக் கடலோர ஊர்களில் ஸ்க்ரூ, கிளாம்பு எல்லாம் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். சாதாரண ஸ்க்ரூ உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போய், கேமராவைத் துடைக்கக் கழற்ற முடியாது.

எர்த்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மின்னல். சித்திரை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் சாகும் கேமராக்களில் இடி நேராக விழுந்தது அபூர்வம். பக்கத்தில் எங்கோ விழுந்தது ஒயரில் ஏறி, கேமராவில் தொடங்கி சுவிட்ச் வழியாக என்விஆர் வரை வரிசையாகத் தின்றுவிடும். ஒயரின் இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும் கருவி) போட வேண்டும். எர்த் இல்லாமல் போட்ட புரொடெக்டர் வெறும் அலங்காரம். கம்பத்துக்கும் என்விஆர் வைத்திருக்கும் கட்டடத்துக்கும் இடையே ஃபைபர் இழுத்துவிட்டால் அந்தப் பாதையே அடைபடும், கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. 100 மீட்டருக்கு மேல் போனால் எப்படியும் ஃபைபர்தான், கேட்-6 என்கிற செம்பு நெட்வொர்க் ஒயர் அதற்கு மேல் தாங்காது. கேட்-6 ஒயரிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. நுனியை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியின் வெட்டு முகத்தைப் பாருங்கள். முழுக்கச் செம்பு நிறம் என்றால் சரி. நடுவில் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். பிளேடால் சுரண்டினாலும் வெளுத்துவிடும். பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் ஐஆர் எரிந்து மின்சாரம் கூடுதலாக இழுக்கும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும். ‘கேமரா ரிப்பேர்’ என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், குற்றம் ஒயரில்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்தது. ஆற்றோர ஊர்களில் சுவிட்ச் பெட்டியும் பேட்டரியும் தரையிலிருந்து 2 மீட்டராவது மேலே இருக்கட்டும். ஒயர் பெட்டிக்குள் கீழிருந்துதான் நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். மேலிருந்து நுழைத்தால் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

சிலந்தியைப் பற்றி எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. கேமரா முகத்திலேயே ஐஆர் இருந்தால் அந்த ஒளிக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை நூல், ராத்திரியில் லென்ஸுக்கு 3 செ.மீ. முன்னால் ஐஆர் வெளிச்சம் பட்டு, வெள்ளைக் கயிறு மாதிரிக் குறுக்கே நிற்கும். காற்றில் அது ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ‘வண்டி’. முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கை அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி மாட்டினால் பூச்சிக் கூட்டம் அங்கே போய்விடும். செலவு கொஞ்சம் கூடும், பார்க்க வேண்டிய செலவு. 15 நாளுக்கு ஒரு முறை நீளக் குச்சியில் மென்மையான பிரஷ் கட்டித் துடைக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

மின்சாரமும் சேமிப்பும் எளிய கணக்கு. இரண்டு கேமரா, சுவிட்ச், என்விஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து 65 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி ஒன்று, பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால், ஏறக்குறைய 8 மணி நேரம் தாங்கும். 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி. இரண்டுக்கு 30 நாள் 2.6 டெரா, ஆக 4 டெரா டிஸ்க் போதும். இடம் மிச்சம் பிடிக்கும் ‘ஸ்மார்ட்’ சுருக்கத்தை நம்பர் கேமராவில் மட்டும் அணைத்துவிடுங்கள், அது முதலில் அழிப்பது எழுத்தின் ஓரங்களைத்தான்.

கடிகாரத்தைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். பல என்விஆர்கள் பெட்டியிலிருந்து வரும்போது சீன நேரத்தில் இருக்கும், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இந்திய நேர மண்டலத்தை வைத்து, என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் வசதி) மூலம் தானே சரிசெய்யும்படி விடுங்கள். நேரம் தப்பான பதிவை வைத்துக்கொண்டு சுங்கச்சாவடிப் பதிவோடு ஒப்பிட்டால் வண்டி கிடைக்காது. பதிவைக் கொடுக்கும்போதும் திரையைப் போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது: ஒரு பகுதி கருவிக்குப் பொறுப்பானவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது, கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு). அதனால் மூல வடிவிலேயே பென் டிரைவில் எடுத்துக் கொடுங்கள், எடுத்த நாளையும் நேரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழையது அழியும், எனவே சம்பவம் தெரிந்த அன்றே எடுக்க வேண்டும்.

இதை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது. அதற்கு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி ஒப்புதல் சான்று பெற்ற கருவி வேண்டும், போடுகிற அதிகாரமும் ஊருக்கு இல்லை. யார் எப்போது வந்தார் போனார் என்ற பட்டியல் ஊரின் எல்லாக் குடும்பத்தையும் தொடுகிற விஷயம். கேமரா எந்த வீட்டு வாசலையும் பார்க்கக் கூடாது, பதிவைப் பார்ப்பவர்கள் இருவர் என்று கூட்டத்திலேயே தீர்மானித்து எழுதி வையுங்கள். பாஸ்வேர்டு பொருத்தியவர் வைத்த ‘12345’ ஆகவே இருந்தால் அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம்; பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லி, அந்த மாடலுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்துகிறவர்களின் வேலையைப் பொறுத்தவரை, மாட்டுவதில் குறை சொல்ல முடியாது. நேரம் கொடுத்துச் சோதிப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கொட்டேஷனில் கம்பம், அஸ்திவாரம், எர்த், ஒயர் வகை, தனி ஐஆர் ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8 மணிக்கு மேல், தெருவிளக்கு எரியும்போது ஒரு முறை, அணைத்து ஒரு முறை, டிவிஎஸ் எக்ஸ்எல், ஸ்கூட்டி, கார், லோடு ஆட்டோ நாலையும் 20, 40, 60 கி.மீ. வேகத்தில் போய் வரச் சொல்லுங்கள். வேகத்துக்கு ஐந்து தடவை என்றால் தெருவிளக்கோடு 60 ஓட்டம், இல்லாமல் 60, மொத்தம் 120. எத்தனை நம்பர் முழுசாக விழுந்தது என்று எண்ணி, அந்தத் தாளில் பொருத்தியவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எக்ஸ்எல்லின் பின் பிளேட் 40 கி.மீ. வேகத்தில் தெருவிளக்கு இல்லாமல் விழுந்துவிட்டால் மிச்சமெல்லாம் விழும். அது விழாத வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.